எந்த மின்ரம்பம் வாங்கலாம்?

ஆந்திராவில் விஜயபுரம், நகரி, புத்தூர் பக்கம் புது வீட்டில் தச்சு வேலை நடக்கிறது என்றால் தெருமுனையிலேயே தெரிந்துவிடும். நாலு இஞ்ச் கட்டரின் கீச்சுச் சத்தம் அங்கேயே கேட்கும். கல்லும் டைல்ஸும் அறுக்கச் செய்த மிஷின் அது. அதில் மர பிளேடை மாட்டி நிலை, கதவு, அலமாரி என்று எல்லாவற்றையும் முடித்துவிடுகிறார்கள். விலை குறைவு, கைக்கு அடக்கம், எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும் என்பதால் வந்த பழக்கம் இது. சொந்தமாகத் தச்சு வேலை தொடங்குகிறவர்களும் அதைப் பார்த்து முதல் மிஷினாக அதையே வாங்குகிறார்கள். அந்தப் பழக்கத்தை நீங்கள் தொடர வேண்டாம்.

கடைக்குப் போகும் முன் செய்யவேண்டியதில் தொடங்கி, முதல் பலகையைப் பத்திரமாக அறுப்பது வரை இந்த அத்தியாயத்தில் வரிசையாகப் பார்ப்போம்.

## முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்

கடைக்காரர் முதலில் கேட்பது "எத்தனை வாட்ஸ் வேணும்?" என்றுதான். வாட்ஸைக் கடைசியில் பார்க்கலாம். அதற்கு முன் இந்த ஐந்துக்கும் பதில் எழுதிக்கொள்ளுங்கள்.

1. எந்த மரம்? பிளைவுட், மைக்கா ஒட்டிய பலகை, தேக்கு, வேங்கை, வேம்பு, தோப்பில் விழுந்த மா என்று பெயர் பெயராக எழுதுங்கள்.
2. அதிகபட்சக் கனம் எவ்வளவு? எப்போதோ ஒருமுறை வரும் கட்டையை விட்டுவிடுங்கள். மாதம் இரண்டு மூன்று முறையாவது அறுக்கும் கனத்தை எழுதுங்கள்.
3. நேர் அறுப்பா, வளைவா? கட்டில் தலைமாடு, சமையலறை மேடையில் சிங்க் துளை போன்றவை வளைவுக் கணக்கு.
4. எங்கே வேலை? சொந்தப் பட்டறையிலா, மின் இணைப்பே வராத புதுக் கட்டடத்திலா?
5. தினமும் ஓடுமா, ஞாயிற்றுக்கிழமை மட்டுமா?

இரண்டாவது கேள்வியில்தான் பலரும் சறுக்குகிறார்கள். அதனால் அதை மட்டும் கொஞ்சம் விரிவாகப் பார்த்துவிடுவோம்.

## கனம்: பிளேடின் அளவு வேறு, அறுக்கும் ஆழம் வேறு

ஏழு இஞ்ச் பிளேடு ஏழு இஞ்ச் ஆழம் அறுக்காது. நடுவில் மோட்டாரும் தண்டும் இருப்பதால் பாதிக்கும் குறைவான பகுதிதான் அடித்தகட்டுக்குக் கீழே இறங்கும். சந்தையில் கிடைக்கும் ரம்பங்களின் நேர் அறுப்பு ஆழம் தோராயமாக இப்படி இருக்கும்:

- 4 இஞ்ச் கட்டர் (110 மி.மீ. பிளேடு): ஒன்றேகால் இஞ்சும் கொஞ்சமும்
- பேட்டரியில் ஓடும் ஆறரை இஞ்ச் ரம்பம் (165 மி.மீ.): சுமார் 57 மி.மீ.
- ஏழு இஞ்ச் ரம்பம் (184 முதல் 190 மி.மீ.): 64 முதல் 70 மி.மீ.
- ஒன்பது இஞ்ச் ரம்பம் (235 மி.மீ.): சுமார் 85 மி.மீ.

இதை உங்கள் வேலையோடு பொருத்திப் பாருங்கள். ஆறு நூல் பிளைவுட் 19 மி.மீ. தான், எந்த ரம்பமும் அறுக்கும். ஒன்றரை இஞ்ச் கதவுச் சட்டம் 38 மி.மீ.; நாலு இஞ்ச் கட்டர் அங்கேயே நின்றுவிடும். நம் பக்கத்து வாசல் நிலைக்கு வாங்கும் 4×3, 5×3 கட்டையில் மூன்று இஞ்ச் என்பது 76 மி.மீ. ஏழு இஞ்ச் ரம்பத்துக்கே அது ஒரே வீச்சில் ஆகாது. கட்டையைச் சுற்றி நாலு பக்கமும் மூலைமட்டம் வைத்துக் கோடு போட்டு, ஒரு பக்கம் பாதி, திருப்பிப்போட்டு மறுபக்கம் பாதி என்று அறுக்கவேண்டும். நிலை வேலையே உங்கள் பிழைப்பு என்றால் ஒன்பது இஞ்ச் வாங்குங்கள். எப்போதாவது ஒரு நிலை என்றால் ஏழு இஞ்சே போதும். ஒன்பதின் எடை தினசரி வேலையில் கையை ஒடித்துவிடும்.

குறிப்பு: சாய்த்து அறுத்தால் ஆழம் இன்னும் குறையும். நேராக 70 மி.மீ. இறங்கும் ரம்பம் 45 டிகிரியில் 50 மி.மீ. அளவுக்குத்தான் இறங்கும். பெட்டியில் இரண்டு எண்களும் அச்சிட்டிருப்பார்கள். இரண்டையும் படியுங்கள்.

## எந்த வேலைக்கு எது

சர்க்குலர் ரம்பம். நேர் அறுப்புக்கு இதுதான். பிளைவுட்டை நீளவாக்கில் பிளப்பது, சட்டத்தைத் துண்டு போடுவது, கதவின் அடியைக் குறைப்பது எல்லாம் இதில் முடியும். 1920களில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் எட்மண்ட் மிஷேல் என்பவர் கரும்பு வெட்டும் கத்தியில் மோட்டார் பொருத்திப் பார்த்ததிலிருந்து வளர்ந்த கருவி இது. ஒரே ஒரு மிஷின்தான் வாங்கமுடியும் என்றால் ஏழு இஞ்ச் சர்க்குலரை வாங்குங்கள்.

ஜிக்சா. வளைவு, துளை, மூலை வெட்டு இவற்றுக்கு. ஒரு இஞ்சுக்கு மேற்பட்ட கனத்தில் பிளேடு வளைந்து, மேலே கோட்டிலும் அடியில் கோட்டை விட்டு விலகியும் போகும். பெட்டியில் 65 மி.மீ. என்று போட்டிருந்தாலும் அதை நம்பி நிலைக் கட்டையில் இறங்கவேண்டாம். பிளேடின் அடிப்பகுதி 'டி' வடிவில் உள்ள மாடலாக, பிளேடைக் கருவியில்லாமல் கையாலேயே மாற்றக்கூடியதாகப் பார்த்து வாங்குங்கள். இரண்டாவது மிஷின் இதுதான்.

மைட்டர் ரம்பம். ரீப்பர், ஸ்கர்ட்டிங், ஜன்னல் சட்டம் என்று ஒரே அளவில் நூற்றுக்கணக்கில் துண்டு போடுகிறவர்களுக்கு மட்டும்.

ரெசிப்ரோ ரம்பம். பழைய வீட்டைப் பிரிக்க, ஆணியோடு சேர்த்து அறுக்க. சுத்தமான அறுப்பு வராது. தச்சு வேலை தொடங்குகிறவருக்குத் தேவையில்லை.

செயின் ரம்பம். இது தச்சுக் கருவியே இல்லை. மரம் சாய்க்கும் கருவி. சொந்தத் தோப்பில் நிற்கும் மரமானாலும் மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்தும் 2002ஆம் ஆண்டு வால்ட்டா சட்டம் ஆந்திராவில் இருக்கிறது. வெட்டும் முன் வனத்துறை அலுவலகத்தில் உங்கள் மரத்தின் பெயரைச் சொல்லி அனுமதி தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். செம்மரம் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. சேஷாசலம் மலைக்கு அருகிலுள்ள இந்தப் பகுதியில் "பழைய வீட்டுச் செம்மரக் கட்டை, அறுத்துக் கொடுங்கள்" என்று யாராவது கொண்டுவந்தால், வனத்துறைச் சீட்டைப் பார்க்காமல் பட்டறைக்குள் இறக்கவே விடாதீர்கள்.

## கட்டரும் கிரைண்டரும் ஏன் கூடாது

சின்ன மிஷின் என்பதால் ஆபத்தும் சின்னது என்று தோன்றும். கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. நாலு இஞ்ச் கட்டர் நிமிடத்துக்குச் சுமார் 12,000 சுற்று சுற்றும். அதன் பல் நுனி விநாடிக்கு 69 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்குக் கிட்டத்தட்ட 250 கிலோமீட்டரில் ஓடுகிறது. 5,500 சுற்றில் ஓடும் ஏழு இஞ்ச் ரம்பத்தின் பல் நுனி விநாடிக்கு 53 மீட்டர்தான்.

வேகத்தைவிட முக்கியம் பிளேடை மூடும் கார்டு. சர்க்குலர் ரம்பத்தின் கீழ்க் கார்டு, மரத்துக்குள் நுழையும்போது தானே விலகி, வெளியே வந்ததும் ஸ்பிரிங்கில் 'டப்' என்று மூடிக்கொள்ளும். கல் கட்டரில் கார்டு மேல்பாதிக்கு மட்டும்தான். அறுத்து முடித்துக் கையில் தூக்கும்போது அடியில் பிளேடு திறந்தபடியே சுற்றிக்கொண்டிருக்கும். வேட்டி, லுங்கி, முழங்கால், பக்கத்தில் பலகை பிடித்துக்கொண்டிருக்கும் பையனின் கை எல்லாம் அந்த உயரத்தில்தான் இருக்கின்றன. தரையில் குந்தி உட்கார்ந்து காலால் பலகையை அமுக்கிக்கொண்டு அறுக்கும் பழக்கம் வேறு. பல கட்டர்களில் சுவிட்சைப் பூட்டிவைக்கும் பொத்தான் உண்டு. கை நழுவினாலும் மிஷின் நிற்காது.

ஆங்கிள் கிரைண்டரில் மர பிளேடு போடுவது இதைவிட மோசம். அதில் பலகைமேல் உட்காரும் அடித்தகடே இல்லை. பல் வைத்த மர பிளேடை மாட்டாதீர்கள் என்று மிஷினோடு வரும் கையேட்டிலேயே உற்பத்தியாளர்கள் எச்சரிக்கிறார்கள். "ஒரே ஒரு வெட்டுதான்" என்று சொல்லியும் மாட்டக்கூடாது.

ஏற்கெனவே வீட்டில் கட்டர் இருந்தால் தூக்கிப்போட வேண்டாம். டைல்ஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கைக்கு அடக்கமான மர ரம்பம்தான் வேண்டும் என்றால், தானே மூடும் கீழ்க் கார்டோடு வரும் சிறிய மாடலைக் கேட்டு வாங்குங்கள்.

## வயரா, பேட்டரியா?

பட்டறையில் கரண்ட் இருந்தால் வயர் மிஷின். அதே விலைக்கு அதிக பலம் கிடைக்கும், நாள் முழுக்க ஓடும். ஏழு இஞ்சுக்கு 1,050 முதல் 1,400 வாட்ஸ் வரை பரவலாகக் கிடைக்கிறது. பிளைவுட்டுக்குக் குறைந்ததே போதும். தேக்கு, வேங்கையை நீளவாக்கில் பிளப்பவர்கள் 1,400 பக்கம் போகலாம்.

1,400 வாட்ஸ் மிஷின் 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் இழுக்கும். சாதாரண 6 ஆம்பியர் பிளக் பாயிண்ட்டுக்கு அது விளிம்பு. 16 ஆம்பியர் பாயிண்ட்டிலிருந்து எடுங்கள். எக்ஸ்டென்ஷன் வயர் 1.5 சதுர மி.மீ.க்குக் குறையக்கூடாது, 20 மீட்டரைத் தாண்டினால் 2.5 போடுங்கள். சுருளை முழுவதும் பிரித்துவிடுங்கள். சுருட்டியபடியே ஓட்டினால் உள்ளே சூடேறி உருகும். இணைப்பில், மின்கசிவு வந்தால் ட்ரிப் ஆகும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கட்டும். கம்பத்தில் கொக்கி போட்டு இழுத்த லைனில் மிஷின் ஓட்டாதீர்கள். அது சட்டப்படி குற்றம், அதோடு எர்த்தும் இல்லை, ட்ரிப்பும் இல்லை.

கிராமத்தில் சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும். மிஷினின் சத்தம் கனத்து, வேகம் தளர்ந்தால் அழுத்தி அறுக்காதீர்கள். ஆர்மேச்சர் எரிவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். கனமான வேலையைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மின் இணைப்பு வராத கட்டடங்களில் வேலை என்றால் பேட்டரி நல்ல முடிவு. 18 வோல்ட் வாங்குங்கள்; பெட்டியில் "20 வோல்ட் மேக்ஸ்" என்று போட்டிருப்பதும் அதே 18 வோல்ட் பேட்டரிதான். டிரில்லுக்கு வந்த 2 ஆம்பியர்-அவர் பேட்டரி ரம்பத்துக்குப் பற்றாது. 4 அல்லது 5 ஆம்பியர்-அவர் பேட்டரி இரண்டு வாங்குங்கள்; ஒன்று ஓட ஒன்று சார்ஜில் இருக்கட்டும். ஏற்கெனவே ஒரு நிறுவனத்தின் பேட்டரி டிரில் வைத்திருந்தால் அதே நிறுவனத்தின் ரம்பத்தை, பேட்டரி இல்லாமல் வெறும் உடலாக வாங்கினால் காசு மிச்சம். சித்தூர் வெயிலில் பேட்டரியை பைக் பெட்டியிலோ மூடிய வண்டியிலோ விடாதீர்கள். அறுத்து முடித்ததும் சுடச்சுட சார்ஜில் போடாமல் ஆறவிட்டுப் போடுங்கள்.

## கடையில் கையில் எடுத்துப் பாருங்கள்

திருத்தணி, திருப்பதி, சென்னை பிராட்வே என்று எங்கே வாங்கினாலும் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். மிஷினை பிளக்கில் மாட்டாமல் முதல் ஐந்தையும் பாருங்கள்.

1. கீழ்க் கார்டை விரலால் முழுக்கத் திறந்து விடுங்கள். தயங்காமல் மூடவேண்டும். பாதியில் நின்றாலோ மெதுவாக வந்தாலோ வேறு பெட்டி கேளுங்கள்.
2. அடித்தகட்டைக் கண்ணாடி மேசையில் வைத்து நாலு மூலையையும் அழுத்துங்கள். ஆடக்கூடாது. மெல்லிய தகரமாக இருந்தால் ஒருமுறை கீழே விழுந்ததும் வளைந்துவிடும். கனமான தகடு அல்லது வார்ப்பு நல்லது.
3. ஆழம் கூட்டும் திருகையும் சாய்வுத் திருகையும் இறுக்கி, அடித்தகட்டை ஆட்டிப் பாருங்கள்.
4. வழக்கமாகப் பிடிக்கும் கையில் பிடித்து, இடுப்பு உயரத்தில் நீட்டி வையுங்கள். வெட்டுக்கோட்டைக் காட்டும் பள்ளம் கண்ணுக்குத் தெரிகிறதா? இடது கைப் பழக்கமுள்ளவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள்.
5. மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷை மாற்றும் மூடி வெளியிலேயே இருக்கிறதா? இருந்தால் தேய்ந்த கார்பனை நீங்களே ஐந்து நிமிடத்தில் மாற்றலாம்.
6. இப்போது ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். சுவிட்சை விட்டதும் பிளேடு எவ்வளவு நேரம் சுற்றுகிறது என்று பாருங்கள். பிரேக் உள்ள மாடலில் சட்டென்று நிற்கும். கூடுதல் காசு கொடுத்தாலும் தகும்.

உதிரிபாகம் எந்த ஊரில் கிடைக்கும், சர்வீஸுக்கு எங்கே அனுப்புவார்கள் என்று கேளுங்கள். ஜி.எஸ்.டி. பில் வாங்குங்கள். பில் இல்லாமல் விலை குறைத்துத் தருகிறேன் என்பார்கள். வாரண்டி அந்தத் தாளில்தான் இருக்கிறது.

## பிளேடில் மிச்சம் பிடிக்காதீர்கள்

மிஷினோடு வரும் பிளேடு பெரும்பாலும் 24 பல் அல்லது 40 பல். நீளவாக்கில் பிளக்க, பச்சை வேம்பு, மா அறுக்க 24. பொதுவான வேலைக்கு 40. பிளைவுட்டும் மைக்காவும் விளிம்பு பிய்யாமல் வரவேண்டும் என்றால் 60. பல்லில் கார்பைடு ஒட்டிய, கடைகளில் டி.சி.டி. என்று சொல்லும் பிளேடாக இருக்கட்டும்.

பிளேடின்மேல் அச்சிட்ட அதிகபட்சச் சுற்று, உங்கள் மிஷினின் சுற்றைவிடக் கூடுதலாக இருக்கவேண்டும். நடுத்துளை தண்டோடு சரியாக உட்காரவேண்டும். வளையம் போட்டு ஒப்பேற்றிய பிளேடு ஆடும், ஆடினால் உதைக்கும். பிளேடில் உள்ள அம்பும் கார்டில் உள்ள அம்பும் ஒரே திசையில் இருக்கட்டும்.

குறிப்பு: பழைய கதவு, பழைய உத்திரக் கட்டையை அறுக்கும் முன் ஒரு காந்தத்தைப் பலகைமேல் நகர்த்திப் பாருங்கள். உள்ளே புதைந்த ஆணியைக் காட்டிக்கொடுக்கும். ஒரு ஆணியில் நாலைந்து பல் போய்விடும், தெறிக்கும் பல் கண்ணுக்கு வரும்.

## முதல் அறுப்பு: வழிப்பலகை செய்யுங்கள்

வெறுங்கையால் நேராக அறுக்க ஆண்டுக்கணக்கில் பழக்கம் வேண்டும். வழிப்பலகை இருந்தால் முதல் நாளே நேராக வரும். முதல் வேலையாக இதையே செய்யுங்கள்.

1. ஆறு மி.மீ. பிளைவுட்டில் ஒரு அடிக்குச் சற்று மேல் அகலமும் எட்டு அடி நீளமும் உள்ள துண்டு எடுங்கள்.
2. பன்னிரண்டு மி.மீ. பிளைவுட்டில், கம்பெனி விளிம்பு (கம்பெனியிலேயே நேராக அறுத்து வந்த விளிம்பு) உள்ள மூன்று இஞ்ச் பட்டையை அதன்மேல் நீளவாக்கில் ஒட்டி ஸ்க்ரூ போடுங்கள். கம்பெனி விளிம்பு ரம்பம் ஓடும் பக்கம் இருக்கட்டும்.
3. அந்த விளிம்பிலிருந்து கீழ்ப் பிளைவுட், ரம்பத்தின் அடித்தகட்டு விளிம்புக்கும் பிளேடுக்கும் உள்ள தூரத்தைவிட ஒரு இஞ்சாவது கூடுதலாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கவேண்டும்.
4. கிளாம்ப் போட்டு இறுக்கி, அடித்தகட்டைப் பட்டையில் உரசியபடியே ரம்பத்தை ஓட்டுங்கள். நீட்டிக்கொண்டிருந்த பகுதி அறுந்து விழும்.
5. மிஞ்சிய விளிம்புதான் இனி உங்கள் வெட்டுக்கோடு. பென்சில் கோட்டில் அந்த விளிம்பை வைத்து, இரண்டு பக்கமும் கிளாம்ப் போட்டு அறுங்கள்.

பிளேடின் பல் கீழிருந்து மேலாக வெட்டுவதால் மேற்பக்கம்தான் பிய்யும். நல்ல பக்கத்தைக் கீழே வையுங்கள். ஜிக்சாவுக்கும், சாதாரண பிளேடு போட்டிருந்தால், இதே கணக்குதான். ஆழத்தைப் பலகையின் கனத்தைவிட இரண்டு நூல் மட்டும் கூட்டி வையுங்கள்.

## மிஷின் உதைப்பது எதனால்?

பலகையை இரண்டு முக்காலிமேல் வைத்து நடுவில் அறுக்கிறீர்கள் என்று வையுங்கள். பாதி தாண்டியதும் பலகை தன் பாரத்தில் நடுவில் தொய்கிறது. அறுத்த கோடு மேலே நெருங்கி, சுற்றும் பிளேடை இரண்டு பக்கமும் கவ்வுகிறது. பிளேடு நிற்காது, மிஷினையே தூக்கி உங்கள் பக்கம் எறியும். இதைத் தடுக்க:

- வெட்டுக்கோட்டின் இரண்டு பக்கமும் தாங்கல் கொடுங்கள். எட்டுக்கு நாலு பிளைவுட் என்றால் தரையில் இரண்டு இஞ்ச் தெர்மாகோல் விரித்து, அதன்மேல் பலகையைப் போட்டு அறுப்பது எளிது. பிளேடு தெர்மாகோலில் கால் இஞ்ச் இறங்கும், அவ்வளவுதான்.
- பிளேடின் நேர்கோட்டில் நிற்காமல் ஒரு பக்கமாக நில்லுங்கள். இரண்டு கையும் இரண்டு பிடியிலும் இருக்கட்டும்.
- பிளேடு முழு வேகம் எடுத்தபிறகே மரத்தைத் தொடவிடுங்கள்.
- கோடு விலகினால் வெட்டுக்குள்ளேயே திருப்பாதீர்கள். சுவிட்சை விடுங்கள், நிற்கட்டும், பின்னால் எடுத்து மறுபடி தொடங்குங்கள்.
- நீளவாக்கில் பிளக்கும்போது வெட்டு மூடிக்கொள்ள வந்தால், மிஷினை நிறுத்திவிட்டுப் பின்னால் ஒரு மரச்சில்லைச் செருகுங்கள். பிளேடுக்குப் பின்னால் மெல்லிய பிளவுத்தகடு வரும் மாடலாக இருந்தால் அதைக் கழற்றாதீர்கள்.
- இடைஞ்சல் என்று கீழ்க் கார்டைக் கம்பி போட்டோ ஆப்பு வைத்தோ திறந்து கட்டாதீர்கள். அப்படிக் கட்டிய மிஷினை யார் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

கண்ணாடி, காதடைப்பான், முகக்கவசம் மூன்றும் வேண்டும். ரம்பத்தின் சத்தம் 100 டெசிபலை ஒட்டி வரும். மரத்தூளை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995லேயே புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. தேக்குத் தூள் பலருக்குத் தோலில் அரிப்பும் கொடுக்கும். மூக்கில் துண்டைக் கட்டிக்கொள்வது போதாது, என்-95 போடுங்கள். துண்டு, தொங்கும் லுங்கி, கைக்கயிறு, முழுக்கைச் சட்டையின் தொளதொளத்த மடிப்பு எதுவும் மிஷின் பக்கம் வரக்கூடாது. வேலை நடக்கும் இடத்தில் சின்னப் பிள்ளைகளை நிறுத்தாதீர்கள்.

## வேலை முடிந்ததும்

1. பிளக்கைப் பிடுங்குங்கள், அல்லது பேட்டரியைக் கழற்றுங்கள். பிளேடு மாற்றவும், ஆழம் வைக்கவும், துடைக்கவும் இதுதான் முதல் படி.
2. காற்றுத் துளைகளையும் கீழ்க் கார்டின் உட்புறத்தையும் பிரஷ்ஷால் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். பச்சை மரம் அறுத்த அன்று தூள் பசைபோல் ஒட்டி, கார்டு மூடாமல் நிற்கும்.
3. பல்லில் ஒட்டிய பிசினை மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடையுங்கள். பிசின் ஏறிய பிளேடு புகையும், உரசிய இடம் கருகும்.
4. கார்பன் கால் இஞ்சுக்குக் குறைந்துவிட்டால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள்.
5. அறுக்கும்போது அழுத்தவேண்டி வந்தால் பிளேடு மழுங்கிவிட்டது என்று பொருள். டி.சி.டி. பிளேடைச் சாணை பிடிக்கும் கடையில் கொடுங்கள், அரத்தால் ராவாதீர்கள். அது திரும்பி வரும்வரை ஓட்ட இன்னொரு 40 பல் பிளேடை முதல் நாளே வாங்கி வைத்திருங்கள்.